மீட்டரில் எண் சிறிதாக இருந்தால் போதுமா?

கேள்வி: அண்ணாச்சிக்கு வணக்கம். நான் வங்கி ஊழியன். வீடு பாளையங்கோட்டை, வேலை இப்போது நாகர்கோவில் கிளையில். மனைவி இங்கே ஆசிரியை, பிள்ளைகளின் பள்ளியும் இங்கேதான் என்பதால் குடிபெயர வழியில்லை. காலையில் ரயில் ஒத்து வருகிறது. மாலையில் கணக்கை முடித்து வெளியே வருவதற்குள் ரயில் போய்விடுகிறது. போக வர 150 கிலோமீட்டர். ஐந்தரை லட்சத்துக்குள் பழைய கார் வாங்கலாம் என்று மூன்றைப் பார்த்து வைத்திருக்கிறேன். ஒன்று, 2013 வேகன் ஆர் பெட்ரோல். ஓய்வு பெற்ற ஒருவரிடம் 34,000 கி.மீ. மட்டுமே ஓடியது, 2,60,000 ரூபாய். இரண்டு, 2018 டிசையர் டீசல். இரண்டாவது உரிமையாளர், 1,18,000 கி.மீ., 5,25,000 ரூபாய். மூன்று, 2019 பலேனோ பெட்ரோல். தூத்துக்குடிப் பதிவு, 46,000 கி.மீ., 4,20,000 ரூபாய். புரோக்கர் அவசரப்படுத்துகிறார். என் மனம் முதல் காரில்தான் இருக்கிறது. டீசல் காரைப் பத்து ஆண்டுக்கு மேல் ஓட்ட விடமாட்டார்கள் என்கிறார்களே, உண்மையா? சிவப்பு நிறம்தான் வேண்டும் என்று வீட்டில் சொல்கிறார்கள். அதையும் கவனத்தில் கொள்ளவும். (பெயர் வேண்டாம், பாளையங்கோட்டை)

பதில்: தம்பி, எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்பதை மூன்று கார்களுக்கும் மறக்காமல் எழுதியிருக்கிறீர்கள். டயர் எந்த ஆண்டுடையது, திடீர் பிரேக்கில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏ.பி.எஸ். இருக்கிறதா, ஏர்பேக் எத்தனை என்று ஒன்றுக்குக்கூட எழுதவில்லை. பழைய கார் பார்க்க வருகிறவர்களில் பெரும்பாலோர் இப்படித்தான். மீட்டரில் எண் சிறிதாக இருந்தால் மனம் இளகிவிடுகிறது. விபத்தில் நசுங்கியதையும் வெள்ளத்தில் மூழ்கியதையும் இன்ஷூரன்ஸ் சர்வேயராகப் பார்த்துப் பழகிய எனக்கு அந்த இளக்கம் வருவதில்லை. தினமும் 150 கிலோமீட்டர் ஓடப்போகிற காருக்கு, இதுவரை ஓடாமல் நின்றது ஒரு தகுதியே அல்ல.

வேகன் ஆரையே எடுத்துக்கொள்வோம். 2013 முதல் இன்றுவரை 34,000 என்றால் ஆண்டுக்கு மூவாயிரம் கிலோமீட்டர்கூட இல்லை. வீட்டிலிருந்து மார்க்கெட், மார்க்கெட்டிலிருந்து கோவில், அங்கிருந்து வீடு. எஞ்சின் சூடாவதற்குள் அணைத்திருப்பார்கள். அப்படி ஓடிய வண்டியின் ஆயிலிலும் சைலன்சரிலும் ஈரம் தங்கும். பிரேக் ஆயிலும் ஆண்டுக்கணக்கில் மாற்றாமல் கிடந்தால் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ரப்பர் குழாய்களும் சஸ்பென்ஷன் புஷ்களும் கிலோமீட்டரைப் பார்த்துக் கெடுவதில்லை, வயதைப் பார்த்துக் கெடுகின்றன. இப்போது பெட்ரோல் பங்க்குகளில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். 2013இல் வந்த எரிபொருள் குழாய்களும் சீல்களும் அதை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டவை அல்ல. மைலேஜும் கொஞ்சம் இறங்கும். அதன் ஆர்.சி. 2028இல் பதினைந்து ஆண்டை முடித்துவிடும். பாளையங்கோட்டைக்குள் பிள்ளைகளைப் பள்ளியில் விட்டு வர அது அருமையான கார். உங்கள் சாலைக்கு அல்ல.

ஏன் அல்ல என்பதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். வள்ளியூர் தாண்டிப் பணகுடி, காவல்கிணறு வரை நான்குவழிச் சாலை ஏறக்குறைய வடக்கு தெற்காகக் கிடக்கிறது. ஆனி பிறந்ததும் தென்மேற்குப் பருவக்காற்று ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகப் பாய்ந்து அந்தச் சாலையைக் குறுக்கே அறுக்கும். முப்பந்தலில் அத்தனை காற்றாலைகளை அழகுக்காக நட்டு வைக்கவில்லை. காலையில் தெற்கே போகும்போது காற்று உங்கள் வலப்பக்கமிருந்து சீராக அடிக்கும், கை பழகிவிடும். மாலையில் வடக்கே திரும்பும்போதுதான் சோதனை. லாரியை வலப்பக்கமாக முந்துகிறீர்கள். லாரியின் மறைவில் காற்று சட்டென்று நின்றுவிடும். அதன் மூக்கைத் தாண்டிய நொடியில் இடப்பக்கமிருந்து அறைந்து காரை நடுத்தடுப்பை நோக்கித் தள்ளும். வேகன் ஆரின் உயரம் 1.7 மீட்டர், அகலம் ஒன்றரை மீட்டருக்கும் குறைவு, டயரும் ஒடுங்கியது. டிசையரின் உயரம் ஒன்றரை மீட்டர்தான், அகலம் 1.73 மீட்டர். ஆடி மாதம் ஒரு மாலை இரண்டையும் பணகுடிப் பக்கம் ஓட்டிப் பார்த்தவருக்கு மேற்கொண்டு விளக்கம் தேவைப்படாது.

இதோடு, மூன்றடைப்பு தொடங்கி வழியெங்கும் நடுத்தடுப்பு இடைவெளிகளில் எதிர்த்திசையில் வரும் இருசக்கர வாகனங்கள், இருட்டியபின் சாலையில் நிற்கும் மாடுகள். திடீரென்று பிரேக்கை மிதிக்க வேண்டிய சாலை இது. 2013 வேகன் ஆரில் ஏ.பி.எஸ். மேல்வகையில்தான் கிடைத்தது. 2017இல் வந்த புதிய டிசையரில் எல்லா வகையிலும் ஏ.பி.எஸ்.ஸும் இரண்டு ஏர்பேக்கும் உண்டு. பலேனோவிலும் உண்டு. எந்தக் காரானாலும் இவை இரண்டும் இல்லாவிட்டால் விலை பேசவே உட்காராதீர்கள்.

இனி செலவுக் கணக்கு. மாதம் 22 வேலை நாள் என்றால் 3,300 கிலோமீட்டர். பெட்ரோலுக்கு 101 ரூபாய், டீசலுக்கு 93 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். பெட்ரோல் கார் லிட்டருக்கு 17 கொடுத்தால் மாதம் சுமார் 19,600 ரூபாய். டிசையர் டீசலுக்கு விளம்பரத்தில் சொன்னது 28.4, அதை மறந்துவிட்டு 21 என்று போட்டாலும் 14,600 ரூபாய்தான். மாதம் ஐயாயிரம் மிச்சம். ஆண்டுக்குப் பத்தாயிரம் கிலோமீட்டர் ஓட்டுகிறவர் டீசல் கார் கேட்டு வந்தால் வேண்டாம் என்றுதான் சொல்வேன். உங்கள் ஓட்டம் ஆண்டுக்கு 40,000. டீசல் எஞ்சின் இதற்காகவே பிறந்தது. சி.என்.ஜி. கிட் பொருத்தலாம் என்று யாராவது சொல்லக்கூடும். டிக்கி போய்விடும், சிலிண்டரை மூன்று ஆண்டுக்கு ஒருமுறை அழுத்தச் சோதனைக்கு விட வேண்டும், ஆர்.சி.யில் பதியாமல் பொருத்திவிட்டு விபத்தானால் இன்ஷூரன்ஸ் நிறுவனம் கை விரித்துவிடும். நான் உங்கள் இடத்தில் இருந்தால் பொருத்தமாட்டேன்.

பத்தாண்டுக் கதை டெல்லிக் கதை. டெல்லியும் அதைச் சுற்றிய தலைநகர் வட்டாரமும் காற்று மாசுக்காகப் பத்து ஆண்டு கடந்த டீசல் வண்டிகளுக்குக் கட்டுப்பாடு வைத்திருக்கின்றன. தமிழ்நாட்டில் சொந்த உபயோகக் காரின் பதிவு பதினைந்து ஆண்டு செல்லும். பிறகு சோதனைக்குக் காட்டி, பசுமை வரி கட்டி, ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பிக்கலாம். 2018 டிசையருக்கு 2033 வரை கவலையில்லை. அதற்குள் நீங்கள் அதை மூன்று லட்சம் கிலோமீட்டர் தாண்டி ஓட்டியிருப்பீர்கள்.

பலேனோவுக்கு வருகிறேன். இது என்னைச் சற்று உறுத்துகிறது. 2019 வண்டி, 46,000 கிலோமீட்டர், சந்தையைவிடக் குறைந்த விலை, அவசரப்படுத்தும் புரோக்கர், தூத்துக்குடிப் பதிவு. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளை இந்தப் பக்கத்தில் யாரும் மறக்கமாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. தாமிரபரணி கரை புரண்டு திருநெல்வேலி சந்திப்பு முதல் ஸ்ரீவைகுண்டம், ஏரல் வரை ஊருக்குள் வந்தது. அன்று நின்ற இடத்திலேயே மூழ்கிய கார்கள் ஏராளம். முழு இழப்பு என்று இன்ஷூரன்ஸ் பணம் கொடுத்த வண்டிகள் ஏலத்துக்குப் போகும். ஏலத்தில் எடுத்தவர் கழுவி, உலர்த்தி, சீட் உறை மாற்றிச் சந்தைக்குக் கொண்டு வருவார். டி.என். 69 என்று எண் இருப்பதாலேயே ஒரு காரைச் சந்தேகிப்பது நியாயமில்லை. திருநெல்வேலிப் பதிவு வண்டிகளும் மூழ்கின. அதனால் எண்ணை விட்டுவிட்டுக் காரைப் பாருங்கள்.

பின் சீட்டில் உட்கார்ந்து சீட் பெல்ட்டை மெல்ல இழுங்கள், பாதியில் நிறுத்தாமல் கடைசி அங்குலம் வரை. உருளைக்குள்ளேயே சுருண்டு கிடக்கும் அந்தக் கடைசி ஓர் அடியை யாரும் துவைப்பதில்லை. தண்ணீர் நின்ற காரில் அங்கே காவி நிறத்தில் ஒரு கோடு தெரியும். விரலால் தேய்த்தால் வண்டல் மாவு போல ஒட்டும். நான்கு பெல்ட்டையும் இப்படிப் பாருங்கள். பெல்ட்டையே புதிதாக மாற்றியிருந்தால் ஏன் மாற்றினீர்கள் என்று கேளுங்கள். அடுத்து, ஓட்டுநர் கதவின் கீழ் ரப்பர் பீடிங்கைப் பிடுங்கிக் கம்பளத்தைத் தூக்கி, அடியிலுள்ள பஞ்சுக்குள் கையை விடுங்கள். சீட்டைத் தரையோடு பிணைக்கும் போல்ட்டுகளில் துரு ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். ஸ்டெப்னி வைக்கும் குழி, ஃபியூஸ் பெட்டியின் உட்புறம், ஹெட்லைட் கண்ணாடியின் உள்பக்கம் எல்லாவற்றையும் டார்ச் அடித்துப் பாருங்கள். கண்ணாடிகளை ஏற்றிவிட்டு ஏ.சி.யைப் போட்டால் முதல் நிமிடத்தில் வருகிற வாடையும் ஒரு சாட்சிதான். வாசனைப் புட்டி தொங்கினால் அதை முதலில் வெளியே எடுத்து வைக்கச் சொல்லுங்கள்.

காகிதத்திலும் ஒரு வழி இருக்கிறது. இதைப் புரோக்கர்கள் சொல்லித்தரமாட்டார்கள். இன்ஷூரன்ஸ் பாலிசியில் நோ கிளெய்ம் போனஸ் என்று ஒரு பிரீமியத் தள்ளுபடிச் சதவீதம் அச்சாகியிருக்கும். இழப்பீடு கேட்காமல் ஆண்டுதோறும் புதுப்பித்தால் அது 20, 25, 35, 45, 50 என்று ஏறும். 2019 காரின் 2023, 2024 பாலிசிகள் இரண்டையும் கேட்டு வாங்குங்கள். ஏறிக்கொண்டே வந்த போனஸ் வெள்ளத்துக்கு அடுத்த ஆண்டில் பூஜ்யமாகியிருந்தால், பெரும்பாலும் ஒன்று கார் கைமாறியிருக்க வேண்டும், அல்லது இழப்பீடு வாங்கியிருக்க வேண்டும். கைமாறியதா என்பதை ஆர்.சி. சொல்லிவிடும். பழைய பாலிசி தொலைந்துவிட்டது என்ற பதில் வந்தால் நன்றி சொல்லிவிட்டு நடையைக் கட்டுங்கள். மூழ்கிய காரில் ஒயர் இணைப்புகள் உள்ளுக்குள் அரித்துக்கொண்டே இருக்கும். ஓராண்டு ஒழுங்காக ஓடிவிட்டு, இரவு எட்டு மணிக்கு நாங்குநேரிக்கும் வள்ளியூருக்கும் நடுவில் விளக்கோடு சேர்ந்து எஞ்சினும் அணையும்.

ஆக, டிசையர். இதையும் கண்ணை மூடிக்கொண்டு வாங்கச் சொல்லவில்லை. இதில் இருப்பது ஃபியட் வடிவமைத்த 1.3 லிட்டர் டீசல் எஞ்சின். ஸ்விஃப்ட், எர்டிகா, சியாஸ் எல்லாவற்றிலும் ஓடியது. 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்தபோது மாருதி டீசலைக் கைவிட்டது. ஆனாலும் சாலையில் இவ்வளவு வண்டிகள் இருப்பதால் உதிரி பாகத்துக்கும் கைதேர்ந்த மெக்கானிக்குக்கும் பஞ்சமில்லை. 1,18,000 கிலோமீட்டர் அதற்குப் பெரிய ஓட்டமல்ல, நேரத்துக்கு ஆயில் மாற்றியிருந்தால். அந்த 'இருந்தால்' என்பதைத்தான் நீங்கள் சோதிக்க வேண்டும். கம்பெனி சர்வீஸ் சென்டரில் வண்டி எண்ணைக் கொடுத்துப் பழைய சர்வீஸ் விவரத்தை உரிமையாளர் மூலம் கேட்டு வாங்குங்கள். ஒவ்வொரு தேதியிலும் மீட்டர் என்ன காட்டியது என்று அதில் இருக்கும். மீட்டரைக் குறைத்திருந்தால் அங்கே அகப்பட்டுவிடும். இன்னொன்று, டிசையர் டீசல் டாக்சிக்காரர்கள் விரும்பி வாங்கிய வண்டி. மஞ்சள் போர்டில் ஓடி, பின்னால் ஓன் போர்டாக மாற்றப்பட்டதா என்பதை ஆர்.டி.ஓ. பதிவில் பாருங்கள். கிளட்ச் மிதியின் ரப்பர் வழவழவென்று தேய்ந்திருந்து மீட்டர் மட்டும் இளமையாக இருந்தால் ரப்பரை நம்புங்கள்.

பார்க்கப் போவது காலையில் இருக்கட்டும். எஞ்சினை யாரும் தொடாமல் குளிர்ந்த நிலையில் வைத்திருக்க முந்தைய நாளே சொல்லிவிடுங்கள். நீங்கள் போகும்போது பானெட் சூடாக இருந்தால் எதையோ மறைக்கிறார்கள். முதல் சாவித் திருப்பிலேயே பிடிக்க வேண்டும். நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது. ஓடும்போது ஆயில் மூடியைத் திறந்தால் உள்ளிருந்து காற்று புஸ்புஸ்ஸென்று வேகமாக அடிக்கக் கூடாது. குளிர்ந்த எஞ்சினில் முன்பக்கம் சங்கிலி உரசுவதுபோல் சத்தம் சில நொடிக்கு மேல் நீடித்தால் டைமிங் செயின் செலவு காத்திருக்கிறது. இதற்கெல்லாம் உங்கள் மெக்கானிக் ஒருவரைக் கூலி கொடுத்தே அழைத்துப் போங்கள். விற்பவருக்குத் தெரிந்தவர் வேண்டாம்.

ஓட்டிப் பார்ப்பதைத் தெருவுக்குள் முடித்துக்கொள்ளாதீர்கள். நாங்குநேரி வரை போய்த் திரும்புங்கள், டீசல் காசை நானே தருகிறேன் என்று சொல்லிவிட்டு. 80இல் ஸ்டியரிங் நடுங்கினால் வீல் பேலன்சிங், சின்ன வேலை. வேகத்தோடு சேர்ந்து ஏறும் முனகல் வீல் பேரிங். கையைத் தளர்த்தினால் கார் ஒரு பக்கம் இழுக்கிறதா என்று போகும்போதும் வரும்போதும் பாருங்கள். இரண்டு திசையிலும் ஒரே பக்கம் இழுத்தால் குறை காரில், திசை மாறினால் அது காற்றின் வேலை. மெக்கானிக் பார்க்க முடியாத ஒன்றை நீங்கள்தான் பார்க்க வேண்டும்: ஒரு மணி நேரம் உட்கார்ந்தபின் உங்கள் இடுப்பு என்ன சொல்கிறது? தினமும் மூன்று மணி நேரத்துக்கு மேல் அந்தச் சீட்டில்தான் உட்காரப்போகிறீர்கள்.

டயரின் பக்கவாட்டில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்க எண் இருக்கும். 1519 என்றால் 2019ஆம் ஆண்டின் பதினைந்தாவது வாரம் செய்த டயர். தரையைப் பிடிக்கும் பட்டன் எவ்வளவு ஆழமாக இருந்தாலும் ஆறு வயது கடந்த டயரோடு சித்திரை வெயிலில் அந்தச் சாலையில் 90இல் போகாதீர்கள். டயர் வெடித்து உருண்ட கார்களில் பலவற்றில் நான் பார்த்தது இந்த வயதைத்தான்.

இதனால்தான் முழு ஐந்தரை லட்சத்தையும் காருக்கே கொடுத்துவிடக் கூடாது என்கிறேன். நான்கு டயர் சுமார் இருபதாயிரம், பேட்டரி ஆறாயிரம், ஆயில், ஃபில்டர், பிரேக் வேலைகள் பத்தாயிரம், பெயர் மாற்றமும் இன்ஷூரன்ஸும் பதினைந்தாயிரம். ஐம்பதைத் தொட்டுவிட்டது, கிளட்ச் தேய்ந்திருந்தால் இன்னும் கூடும். டிசையருக்கு 4,90,000க்கு மேல் போகாதீர்கள். டயரின் எண்ணைக் காட்டிப் பேசினால் விலை இறங்கும். படியாவிட்டால் அதே காலத்து எட்டியோஸ் டீசல், ஹோண்டா அமேஸ் டீசல் இரண்டையும் தேடலாம். எட்டியோஸ் உள்ளே பார்க்க ஏழை வீடு, எஞ்சின் இரும்பு. ஃபோர்டு ஆஸ்பயரும் ஓட்ட அருமையான காரே. கம்பெனி 2021இல் உற்பத்தியை நிறுத்திய பிறகு பாடி பாகங்களுக்குக் காத்திருக்கப் பொறுமை வேண்டும். கடன் வட்டி பற்றி வங்கிக்காரருக்கு நான் சொல்வதற்கில்லை.

வாங்கியபின் ஆண்டுக்கு ஒரு சர்வீஸ் என்ற கணக்கு உங்களுக்குப் பொருந்தாது. பத்தாயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை ஆயில் என்றால் உங்கள் ஓட்டத்துக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை. சுங்கச்சாவடிக்கு ஆண்டு பாஸ் எடுத்துவிடுங்கள். 2025 ஆகஸ்ட் 15இல் 3,000 ரூபாய்க்குத் தொடங்கிய திட்டம். தேசிய நெடுஞ்சாலைச் சாவடிகளில் ஓராண்டு அல்லது 200 கடப்பு, எது முந்துகிறதோ அதுவரை செல்லும். நாங்குநேரிச் சாவடியை மட்டும் வைத்துப் பார்த்தாலும் உங்களுக்கு நாளுக்கு இரண்டு கடப்பு. நூறு வேலை நாளில் தீர்ந்துவிடும், மறுபடி எடுக்க வேண்டும். அப்படியும் ஒரு கடப்புக்குச் சுமார் 15 ரூபாய்தான். பழைய உரிமையாளரின் ஃபாஸ்டேக்கைக் கிழித்துவிட்டு உங்கள் பெயரில் புதிதாக ஒட்டிய பிறகு இதைச் செய்யுங்கள். ரயில் சீசன் டிக்கெட்டையும் விட்டுவிடாதீர்கள். மாதத்துக்கு அது உங்கள் இரண்டு நாள் டீசல் காசைத் தாண்டாது. சீக்கிரம் கிளம்ப முடிகிற நாட்களில் ரயிலில் தூங்கிக்கொண்டு வாருங்கள்.

பணம் முழுவதையும் கொடுக்குமுன் பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்து, பழைய கடன் இருந்தால் வங்கியின் தடையின்மைச் சான்றும் படிவம் 35உம் கையில் இருக்க வேண்டும். இன்ஷூரன்ஸைப் பதினான்கு நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்றுங்கள். மூன்றாம் நபர் காப்பீடு வண்டியோடு வந்துவிடும். உங்கள் கார் சேதத்துக்கான காப்பீடு பெயர் மாறாமல் செல்லாது. இந்த ஒரு காரணத்துக்காக நியாயமான இழப்பீட்டை நிராகரித்து எழுத வேண்டி வரும்போது எனக்கே கை கூசும். விற்றவரின் நோ கிளெய்ம் போனஸ் அவருடையது, உங்களுக்கு வராது; அந்த வித்தியாசத்தைக் கட்டித்தான் ஆக வேண்டும்.

வீட்டில் கேட்ட நிறத்துக்கு வருகிறேன். இந்த ஊர் வெயிலுக்கு வெள்ளை நல்லது, இருட்டில் லாரிக்காரர் கண்ணுக்கும் தெரியும். சிவப்புப் பெயின்ட் நம் வெயிலில் சீக்கிரம் வெளுக்கும். ஆனால் பழைய காரில் நிறம் நாம் கேட்டு வருவதல்ல. டிசையர் என்ன நிறம் என்று நீங்களும் எழுதவில்லை. சிவப்பாகவே இருந்துவிட்டால் இந்தப் பத்தியை வீட்டில் காட்ட வேண்டாம்.